வலி என்று சொன்னால் நம்பவேண்டும்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பது பழமொழி. வலியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது. காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. முறிந்த எலும்பை எக்ஸ்ரே காட்டிக் கொடுத்துவிடும். வலியை அப்படி அளந்து காட்டும் கருவி மட்டும் ஆஸ்பத்திரிகளில் இன்றுவரை இல்லை. "வலிக்கிறது" என்று நோயாளி சொல்லும் வார்த்தைதான் அதற்கு அத்தாட்சி.

அந்த வார்த்தையை நம்புவதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. மூட்டை தூக்குகிறவர் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று ஒரு நாள் ஓய்வு கேட்டால், "நடிக்கிறான்" என்கிறார் மேஸ்திரி. நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா கழுத்து வலி என்றால், "வேலை செய்ய மனமில்லை" என்கிறார் மேலதிகாரி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டால் சில டாக்டர்களே, "உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வேலையைப் பாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். புற்றுநோய் முற்றியவர் இரவெல்லாம் துடித்தாலும், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கைவிரிக்கிறார்கள்.

இந்தப் போக்கு தவறு என்று மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொல்வதிலேயே ஒரு டாக்டர் தம் வாழ்நாளில் அரை நூற்றாண்டைச் செலவிட்டார். அவர் மயக்க மருந்து நிபுணர், பல்கலைக்கழகப் பேராசிரியர், ஒரு காலத்தில் குஸ்திச் சாம்பியன். ஜான் பொனிகா என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கையில் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும், ஆலைகளுக்கும், ஆபீசுகளுக்கும் பாடம் இருக்கிறது.

பிழைக்க வந்த குடும்பம்

இத்தாலியில் சிசிலிக்கு அருகே பிலிகுடி என்று ஒரு சின்னஞ்சிறு தீவு. 1917-ம் ஆண்டு பொனிகா அங்கே பிறந்தார். அவருக்குச் சுமார் பத்து வயதானபோது குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறி, நியூயார்க் நகரில் குடியேறியது. சில ஆண்டுகளில் தகப்பனார் காலமானார். பாஷை புதிது; ஊர் புதிது; குடும்பச் சுமை சிறுவனின் தோளில். பூட்சுக்குப் பாலிஷ் போட்டார். பத்திரிகை விற்றார். காய்கறியும் பழமும் விற்றார். சொந்த ஊரை விட்டு வெளி மாநிலத்தில் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளியில் அவர் குஸ்தி பழகினார். அந்தக் குஸ்தியே பின்னர் சோறு போட்டது. மில்வாக்கி நகரிலுள்ள மார்க்வெட் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, பணத்துக்குக் குஸ்தி போட்டுத்தான் செலவுகளைச் சமாளித்தார். டாக்டருக்குப் படிக்கிறவர் மேடையில் கட்டிப் புரளுகிறார் என்பது தெரிந்தால் மதிப்பாக இருக்காதல்லவா? எனவே வேறு பெயரிலும், முகமூடி அணிந்தும் மேடை ஏறினார். 1941-ல் இலகு கன எடைப் பிரிவில் சாம்பியன் பட்டமும் பெற்றார். அடுத்த ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டங்களோடு வேறொன்றும் அவருக்குக் கிடைத்தது. குஸ்தியில் பட்ட அடிகள் அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை. மூட்டுகள் தேய்ந்தன. எத்தனையோ அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டார். வலியைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்ன மனிதர், வலி இல்லாத நாளை அதிகம் பார்த்தவரல்ல.

பிரசவ அறையில் நடந்தது

1842 முதலே சிலர் ஈதரைப் பயன்படுத்திப் பார்த்திருந்தாலும், 1846-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதரை முகரச் செய்து, வலியில்லாத அறுவையைப் பலர் முன்னிலையில் நடத்திக் காட்டியதுதான் உலகம் அறிந்த ஆரம்பம். அடுத்த ஆண்டு மார்ச் மாதமே கல்கத்தாவிலும் ஈதர் பயன்படுத்தப்பட்டது. ஆனால் இது நடந்து நூறு ஆண்டுகள் ஆகும் தறுவாயிலும், மயக்க மருந்து கொடுப்பது தனிப் படிப்பு வேண்டிய வேலை என்று பலர் கருதவில்லை. அறுப்பவர்தான் பெரியவர், மயக்கம் கொடுப்பவர் கையாள் என்ற நினைப்பே இருந்தது.

1943-ல் பொனிகாவின் மனைவி எம்மாவுக்கு முதல் பிரசவம். பயிற்சியில் இருந்த ஒரு இளம் டாக்டர் ஈதர் கொடுத்தார். எம்மா வாந்தி எடுத்தார். வாந்தி மூச்சுக் குழாயை அடைத்தது. உடல் நீலம் பாய்ந்தது. பொனிகா தாமே குறுக்கிட்டு மூச்சுப் பாதையைச் சுத்தம் செய்து மனைவியைக் காப்பாற்றினார். தாயும் சேயும் பிழைத்தார்கள்.

வேறொருவராக இருந்தால் கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லி வீட்டுக்குப் போயிருப்பார். பொனிகா தம் வாழ்க்கைத் தொழிலையே அங்கே தீர்மானித்துக்கொண்டார். முதுகெலும்பின் வழியாக, தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தி, தாய் விழித்திருக்கும்போதே வலியை மட்டும் நீக்கும் 'எபிடியூரல்' முறையைப் பிரசவங்களில் வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. யுத்தத்துக்குப் பிறகு டகோமா நகர ஆஸ்பத்திரியில், பிரசவத்துக்கென்று இரவு பகலாக மயக்க மருந்து நிபுணர்கள் இருக்கும்படி ஏற்பாடு செய்தார். நள்ளிரவில் வரும் ஏழைப் பெண்ணுக்கும் தேர்ந்த டாக்டர் கிடைக்கவேண்டும் என்பது அதன் பொருள். இன்றும் நம் நாட்டில் எத்தனை தாலுகா ஆஸ்பத்திரிகளில் இந்த வசதி இருக்கிறது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இல்லாத கால் வலித்தது

1944-ல் பொனிகா ராணுவத்தில் சேர்ந்தார். வாஷிங்டன் மாநிலத்திலிருந்த மாடிகன் ராணுவ ஆஸ்பத்திரியில், 27 வயதிலேயே, மயக்க மருந்துப் பகுதிக்குத் தலைவரானார். போர்முனையிலிருந்து காயம்பட்ட சிப்பாய்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களில் சிலர் விசித்திரமான குறை ஒன்றைச் சொன்னார்கள். வெட்டி எடுக்கப்பட்ட கால் வலிக்கிறது என்றார்கள். புண் ஆறிவிட்டது, கால் இல்லை, ஆனால் கால் விரல் எரிகிறது! வேறு சிலருக்குக் காயம் நன்றாக ஆறிய பிறகும் வலி நிற்கவில்லை.

பொனிகா புத்தகங்களைப் புரட்டினார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட மருத்துவ நூல்களில் வலிக்கென்று ஒதுக்கிய பக்கங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவையாக இருந்தன. நோயாளி எந்தக் குறையைச் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் ஓடி வருகிறாரோ, அந்தக் குறையைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை!

மற்ற டாக்டர்களைக் கேட்டார். நரம்பு டாக்டர் நரம்பைச் சொன்னார். எலும்பு டாக்டர் எலும்பைச் சொன்னார். மனநோய் டாக்டர் மனத்தைச் சொன்னார். பார்வையற்ற நால்வர் யானையைத் தடவிப் பார்த்த கதைதான். அப்போது அவருக்கு எளிமையான யோசனை ஒன்று தோன்றியது. எல்லோரையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே மேஜையில் உட்காரவைத்து, ஒரு நோயாளியைப் பற்றி எல்லோரும் பேசும்படி செய்தார். வலி சிகிச்சை நிலையம் என்று இன்று பல நாடுகளில் நடக்கும் ஏற்பாட்டுக்கு அந்தச் சாப்பாட்டு மேஜைதான் வித்து.

1953-ல் அவர் எழுதிய 'த மேனேஜ்மென்ட் ஆஃப் பெயின்' என்ற நூல் வெளிவந்தது. சுமார் 1,500 பக்கங்கள். வலியையே பொருளாகக் கொண்ட முதல் பெரிய மருத்துவ நூல் என்று அதைச் சொல்வார்கள். 1960-ல் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்துத் துறைக்கு முதல் தலைவராக அமர்ந்தார். அங்கே நரம்பு அறுவை டாக்டர் லோவல் வைட், நர்ஸ் டாரதி கிரௌலி ஆகியோரோடு சேர்ந்து, பல துறையினர் கூடிப் பார்க்கும் வலி நிலையத்தைத் தொடங்கினார். டாக்டர்களுக்குச் சமமாக ஒரு நர்ஸுக்கு அதில் இடம் இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். நோயாளியின் அருகே இரவெல்லாம் நிற்பவர் நர்ஸ் அல்லவா?

வண்டி போன பிறகும் அடிக்கும் மணி

பொனிகாவும் அவர் காலத்து ஆராய்ச்சியாளர்களும் வற்புறுத்திய விஷயம் ஒன்று உண்டு. வலி இருவகைப்படும். நெருப்புச் சுட்டால் கை தானாக விலகுகிறது. கால் சுளுக்கினால் நடக்கவிடாமல் வலி தடுக்கிறது. இது உடம்பின் எச்சரிக்கை; இதனால் நன்மை உண்டு. காயம் ஆறியதும் இது போய்விடும். ஆனால் காயம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலி வேறு ஜாதி. லெவல் கிராசிங்கில் வண்டி போய்விட்ட பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? கோளாறு வண்டியில் இல்லை, மணியில் இருக்கிறது. அந்த நிலையில் வலி ஒரு நோயின் அறிகுறியல்ல, வலியே நோய். தூக்கத்தையும், வேலையையும், குடும்பத்தின் நிம்மதியையும் அது தின்றுவிடுகிறது.

1965-ல் மெல்சாக், வால் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தண்டுவடத்தில் ஒரு 'கேட்' போன்ற அமைப்பு இருக்கிறது. கீழிருந்து வரும் வலிச் செய்திகளை அது சில சமயம் விடும், சில சமயம் மறிக்கும். மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளும் அந்தக் கேட்டைத் திறக்கவும் மூடவும் வல்லவை என்றார்கள். அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதும், கவலை மிகுந்தால் வலி கூடுவதும் இதனால் விளங்கின. அவர்கள் சொன்ன விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் வலி என்பது காயத்திலிருந்து மூளைக்குப் போகும் வெறும் தந்திக் கம்பி அல்ல என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

1973-ல் சியாட்டிலுக்கு அருகே இசகுவா என்ற ஊரில் பொனிகா ஒரு மாநாட்டைக் கூட்டினார். பல நாடுகளிலிருந்தும் முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். சர்வதேச வலி ஆராய்ச்சிச் சங்கம் அதிலிருந்து பிறந்தது. 1975 முதல் அதன் ஆராய்ச்சிப் பத்திரிகை வெளிவருகிறது. 1979-ல் அந்தச் சங்கம் வலிக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. உடம்பில் காயம் இருப்பதாக நிரூபித்தால்தான் வலி என்று அது சொல்லவில்லை. உணர்வும் மனமும் சேர்ந்த அனுபவம் அது என்றது. 2020-ல் இலக்கணத்தைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்கவேண்டும் என்று தெளிவாகவே எழுதி வைத்தது. வாய் திறந்து சொல்ல இயலாதவருக்கும் வலி இருக்கக்கூடும் என்றும் சேர்த்தது. பொனிகா 1994-ல், மனைவி எம்மா மறைந்த சில வாரங்களில், காலமானார். அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு அவருடைய வாதம் எழுத்தில் ஏறிவிட்டது என்றே சொல்லலாம்.

அபின் விளையும் நாட்டில்

இனி நம் நாட்டு நிலைக்கு வருவோம். கடுமையான புற்றுநோய் வலிக்கு மார்பின் சிறந்த மருந்து. விலையும் குறைவு. அபினிலிருந்து எடுக்கப்படுவது. அந்த அபினை அரசாங்க லைசென்சின் பேரில் பயிர் செய்யும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் பயிராகிறது. காஜிப்பூரிலும், ரத்லாம்–சித்தோர்கட் பாதையிலுள்ள நீமச்சிலும் அரசாங்க அபின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நம் அபின் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகி அங்குள்ள நோயாளிகளின் வலியைத் தீர்க்கிறது. விளைந்த நாட்டின் நோயாளி மட்டும் படுக்கையில் துடிக்கிறார். கடலருகே இருந்தும் உப்புக்கு அலைந்த கதை இது.

காரணம் என்ன? 1985-ல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. போதைக் கடத்தலை ஒழிக்கவேண்டும் என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் சட்டத்தின் கடுமை ஆஸ்பத்திரிகளையும் பிடித்துக்கொண்டது. மார்பின் வாங்கப் பல இலாகாக்களிடம் தனித்தனி லைசென்ஸ் வாங்கவேண்டியதாயிற்று; ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். கணக்கில் பிசகு வந்தால் சிறை. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் ஒதுங்கின. நாட்டில் மருத்துவத்துக்காகப் பயன்பட்ட மார்பின் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்து, 1997-ல் வெறும் 18 கிலோவுக்கு இறங்கியது. இவ்வளவு பெரிய தேசத்துக்கு 18 கிலோ!

இதை எதிர்த்து வாதாடியவரும் ஒரு மயக்க மருந்துப் பேராசிரியர்தான். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் எம். ஆர். ராஜகோபால். அவருடைய ஆரம்ப காலத்து அனுபவம் ஒன்றை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். புற்றுநோயால் வலியில் துடித்த ஒருவருக்கு நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டார். வலி நின்றது. ஆனால் தம் நோய் தீராது என்பதை அன்றுதான் அறிந்த அந்த நோயாளி, வீடு திரும்பி உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பைப் பார்த்தோம், மனிதரைப் பார்க்கவில்லை என்ற உண்மை டாக்டரைச் சுட்டது. பொனிகா சாப்பாட்டு மேஜையில் கண்டுகொண்டதும் இதுவே அல்லவா?

1993-ல் ராஜகோபாலும் நண்பர்களும் கோழிக்கோட்டில் வலி மற்றும் ஆறுதல் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சாதாரண ஜனங்கள் தொண்டர்களாகச் சேர்ந்து, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடு தேடிப் போனார்கள். டாக்டரும் நர்ஸும் மருந்து தந்தார்கள். தொண்டர்கள் அரிசியும் ஆறுதலும் தந்தார்கள். 2008-ல் கேரள அரசு இதையே கொள்கையாக ஏற்றது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2014-ல் பாராளுமன்றம் போதைப் பொருள் சட்டத்தைத் திருத்தி, ஆஸ்பத்திரிகள் மார்பின் வைத்துக்கொள்ளப் பல லைசென்சுகள் வேண்டாம், ஒன்று போதும் என்று வழி செய்தது. ராஜகோபாலுக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சட்டம் மாறிவிட்டது. ஆனால் பழைய பயம் மாறவில்லை. மார்பின் என்றதும் முகம் சுளிக்கும் டாக்டர்களும் அதிகாரிகளும் இன்னும் இருக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு

அமெரிக்காவைப் பாருங்கள் என்று சிலர் எச்சரிக்கலாம். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. 1990-களின் நடுவிலிருந்து, மார்பின் வகையைச் சேர்ந்த மாத்திரைகளைச் சில கம்பெனிகள் லாபத்துக்காகத் தள்ளிவிட்டன. சாதாரண முதுகு வலிக்கும் எழுதித் தந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் அடிமையானார்கள், ஆயிரமாயிரமாக மாண்டார்கள். ஆனால் அது பொனிகா காட்டிய வழியல்ல. அவருடைய நிலையத்தில் பணியாற்றிய மனோதத்துவ நிபுணர் போர்டைஸ், நாள்பட்ட வலிக்காரர்களின் மாத்திரைகளைச் சிறிது சிறிதாகக் குறைத்து, உடற்பயிற்சியையும் வேலையையும் கூட்டிக்கொண்டு போகும் முறையைத்தான் கையாண்டார். சாகும் தறுவாயிலுள்ள புற்றுநோயாளியின் வலி வேறு. இருபது ஆண்டு மூட்டை சுமந்தவரின் முதுகு வலி வேறு. முன்னதற்கு மார்பினை மறுப்பது கொடுமை. பின்னதற்கு மார்பினை அள்ளிக் கொடுப்பதும் கொடுமை. கதவை அடைத்து வைப்பதற்கும் கதவையே பெயர்த்து எறிவதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது.

குடைச்சலும் கடுப்பும்

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இதில் தனிப்பட்ட கஷ்டம் ஒன்றும் உண்டு. அது பாஷை. 1975-ல் மெல்சாக் ஒரு கேள்விப் பட்டியலை வெளியிட்டார். வலியைக் குறிக்கும் 78 சொற்களை 20 பிரிவுகளாக அடுக்கி, எந்தச் சொல் பொருந்துகிறது என்று நோயாளியைக் கேட்கும் பட்டியல் அது. காரணம், சொல்லே நோயைக் காட்டிக் கொடுக்கும். எரிச்சலும், ஊசி குத்துவதுபோன்ற உணர்வும், மரத்துப்போவதும் இருந்தால் நரம்புக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சாதாரண வலி மாத்திரை சரிப்படாது, மருந்தே வேறு.

தமிழில் இந்தச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இசிவு, சுருக்கென்று தைப்பது, விண்விண் என்று தெறிப்பது, இழுத்துப் பிடிப்பது என்று கிராமத்துப் பாட்டி ஒரு மூச்சில் சொல்லிவிடுவார். அதே பாட்டி மகனோடு மும்பைக்கோ தில்லிக்கோ வந்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால், அத்தனையும் சுருங்கி "தர்த்" என்ற ஒரு சொல்லாகிவிடுகிறது. டாக்டர் ஒரு மாத்திரையை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். பாஷை தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவதும், எரிச்சலுக்கு "ஜலன்", குத்தலுக்கு "சுபன்" என்பதுபோல நாலு வார்த்தை கற்று வைப்பதும் சின்னக் காரியங்கள்தான். ஆனால் சிகிச்சையையே அவை மாற்றிவிடும். அந்தந்த ஊர்த் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவோடு நின்றுவிடாமல், பெரிய ஆஸ்பத்திரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள் தொண்டர் ஒருவரை நிறுத்தி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

மருந்துக் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பழக்கத்தையும் விடவேண்டும். இந்த மாத்திரைகளில் பல வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று டாக்டரிடம் போகாமல் இருந்தால், பின்னால் ஆயுள் சம்பளமும் போய்விடும்.

அரசாங்கங்கள் செய்யவேண்டியதும் பெரிய காரியமல்ல. 2014-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பலன் ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேரவேண்டும். மார்பின் இருப்பும், அதைக் கொடுக்கத் தெரிந்த டாக்டரும் அங்கே இருக்கவேண்டும். மருத்துவ மாணவர்களுக்கு வலி பற்றிய பாடம் ஏட்டோடு நிற்காமல் வார்டில் கற்பிக்கப்படவேண்டும். தொழிலாளிக்கு இடுப்பு வலி என்றால், பொய்யா மெய்யா என்று விசாரணை நடத்துவதற்குப் பதிலாக, அவர் தூக்கும் மூட்டையின் கனத்தை நிர்வாகங்கள் விசாரிக்கவேண்டும்.

எங்கோ ஒரு தீவில் பிறந்து, பூட்சுக்குப் பாலிஷ் போட்டு, குஸ்தி மேடையில் அடிபட்டுப் படித்தவர் பொனிகா. அவர் கண்டுபிடித்தது புதிய மருந்தல்ல. "வலிக்கிறது" என்று சொன்னவரைச் சந்தேகிக்காமல் உட்காரவைத்துக் கேட்டார், கேட்டதை விஞ்ஞானமாக்கினார். அப்படிக் கேட்பதற்குக் கருவியும் வேண்டாம், கஜானாவும் வேண்டாம். மேஸ்திரியும் மேலதிகாரியும் டாக்டரும் நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.